'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பைத்தான் 5 என்கிறது

என் மகளுக்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் சின்னதாக ஒரு சொல் விளையாட்டு எழுதினேன். சொல்லில் எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம், அவ்வளவுதான். 'தமிழ்' என்று கொடுத்தால் 5 கட்டம் வந்து நின்றது. "மூணுதானேப்பா?" என்றாள். அதைச் சரிசெய்யப் போய்த்தான் வேரியபிள் (மதிப்புக்கு வைக்கும் பெயர்), லூப் (ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வது), இஃப் (நிபந்தனை பார்ப்பது) மூன்றும் எனக்கு உருப்படியாகப் புரிந்தன.

1. நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க, தோனி என்ற மென்பொருளை நிறுவுங்கள் (கிரிக்கெட் தோனி இல்லை). பைத்தானும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். நிரல் எழுத விஎஸ் கோட் என்ற மென்பொருளும் நல்லதுதான், ஆனால் முதல் நாளே அத்தனை பொத்தான்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

2. வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கட்டளைகளை மட்டும் ஆங்கிலத்தில் அடியுங்கள், இங்கே நான் எழுதுவது அவற்றின் ஒலியை.

சொல் = "தமிழ்"
பிரிண்ட்(லென்(சொல்))

லென் நீளத்தை எண்ணும், பிரிண்ட் அதைத் திரையில் காட்டும். விடை 5.

3. ஏன் 5? லூப் போட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்க்கலாம்.

ஃபார் எ இன் சொல்:
    பிரிண்ட்(எ)

த, ம, ி, ழ, ் என்று ஐந்து வரி வரும். இங்கேதான் நான் ஒரு முழு இரவு உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க என்று படித்தோம், யூனிகோடில் (கணினியில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுமுறை) அது தலைகீழ்: க என்பது ஒரே குறியீடு, க் என்றால் க-வும் புள்ளியும் சேர்ந்து இரண்டு. மி என்பதும் அப்படித்தான், ம தனி, கொக்கி தனி. லென் எண்ணுவது இந்தக் குறியீடுகளைத்தான், நாம் சொல்லும் எழுத்துகளை அல்ல.

4. ஆகவே கொக்கி, கால், புள்ளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு எண்ண வேண்டும். முதலில் அவற்றை மேற்கோள் குறிக்குள் தனித்தனியாக அடித்துப் பட்டியல் போடப் பார்த்தேன், புள்ளி போய் மேற்கோளின் தலையில் ஒட்டிக்கொண்டு எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. யூனிகோடே ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது, இந்த ஒட்டுக் குறிகளின் வகைப்பெயர் எல்லாம் ஆங்கிலப் பெரிய எம்-இல் தொடங்கும். கீழே மேற்கோளுக்குள் இருக்கும் எம்-ஐயும் ஆங்கிலத்திலேயே அடியுங்கள்.

ஃபிரம் யூனிகோட்டேட்டா இம்போர்ட் கேட்டகரி
எண்ணிக்கை = 0
ஃபார் எ இன் சொல்:
    இஃப் கேட்டகரி(எ)[0] != "எம்":
        எண்ணிக்கை += 1
பிரிண்ட்(எண்ணிக்கை)

[0] என்றால் வகைப்பெயரின் முதல் எழுத்து, != என்றால் சமமில்லை, += 1 என்றால் ஒன்றைக் கூட்டு. இப்போது 3. 'யாழ்ப்பாணம்' போட்டுப் பாருங்கள், 11 வந்த இடத்தில் 6 வரும். கடைசி வரி இடப்பக்க ஓரத்தை ஒட்டியே இருக்க வேண்டும், தவறி ஃபாருக்குள் தள்ளிவிட்டால் 1, 2, 2, 3, 3 என்று கொட்டும்.

பிற்சேர்க்கை: இரண்டு பேர் பிழை வருகிறது என்றார்கள். ஒருவர் வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டியிருக்கிறார், வளைந்த மேற்கோளைப் பைத்தான் ஏற்காது, நேர் மேற்கோளாகக் கையால் அடியுங்கள். இன்னொருவருக்கு 'கோ' என்ற இரண்டு சொற்கள் பார்க்க ஒன்றாக இருந்தும் சமமில்லை என்று வந்தது. சில விசைப்பலகைகள் ோ-வை ஒரே குறியாகப் போடாமல் ே, ா என்று இரண்டாகப் போடும். எண்ணிக்கை கெடாது, ஆனால் ஒப்பிடும்போது மாட்டிக்கொள்வீர்கள். அதே யூனிகோட்டேட்டாவில் நார்மலைஸ் இருக்கிறது, என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுத்து இரண்டையும் ஒருமுறை அதில் ஓட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளை மட்டும் இந்த முறை இரண்டாக எண்ணும். என் மகளின் பட்டியலில் 'பக்ஷி' இல்லை, அதனால் விட்டுவிட்டேன்.