ஹோமிலிருந்து வாடகை வீட்டுக்கு: மனநோயிலிருந்து தேறியவரைக் குடிவைப்பது எப்படி?

உங்கள் அக்காவோ சித்தப்பாவோ மனநல மருத்துவமனையிலோ ஏதாவது ஹோமிலோ வருடக்கணக்கில் இருந்துவிட்டு இப்போது தேறியிருக்கலாம். டாக்டர் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறார், உங்கள் வீட்டிலோ இடமில்லை, அல்லது அவருக்கே உங்களோடு வந்து இருக்க மனமில்லை. அப்படியானால் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவதுதான் நம் ஊர் வழக்கம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 19ஆவது பிரிவில், இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: குடும்பம் ஏற்கவில்லை, போக வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது.

வெளியே வந்து எங்கே இருப்பது? சாதாரண வாடகை வீட்டில்தான். சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய தி பேனியன் தொண்டு நிறுவனம், 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில் இதைத்தான் 2015 முதல் செய்துவருகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில் தங்குவார்கள், ஒத்தாசைக்கு ஓர் உதவியாளர் இருப்பார். பிறகு கேரளாவுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் இது போனது. இப்படி ஒரு வீட்டில் இடம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள், கிடைத்தால் பாதி வேலை மிச்சம். கிடைக்காவிட்டால் நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியதுதான்.

வீடு தேடுவதற்கு முன்னால் குடியிருக்கப் போகிறவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தனியாகவா, இன்னொருவரோடா? சமைக்கப் பிடிக்குமா? பழைய தெருப் பக்கமே வேண்டாமா? "எங்கேயாவது இருந்துக்கிறேன்" என்று சொல்வார், பத்து வருடமாக யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை, அதனால்தான். இரண்டு மூன்று வீடுகளை நேரில் கூட்டிப்போய்க் காட்டினால் தானாகப் பேச்சு வரும். அரசு மருத்துவமனைக்கு ஒரே பஸ்ஸில் போகிற மாதிரி இடம் பாருங்கள், மளிகைக் கடையும் டீக்கடையும் நடை தூரத்தில் இருக்கட்டும்.

அப்புறம் ஹவுஸ் ஓனர். எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். நோயின் பெயர், எத்தனை வருடம் எங்கே இருந்தார் என்பதெல்லாம் குடிவருகிறவருடைய சொந்த விஷயம், அவர் சம்மதிக்காமல் நீங்கள் அவிழ்த்துவிடக் கூடாது. அதற்காகப் பொய்யும் சொல்ல வேண்டாம், மாத்திரைச் சீட்டை என்றைக்காவது யாராவது பார்க்கத்தான் போகிறார்கள். "கொஞ்ச நாள் சிகிச்சையில் இருந்தார், இப்போது நன்றாக இருக்கிறார், வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும், ஏதாவது என்றால் எனக்குப் போன் பண்ணுங்கள்" என்று சொன்னால் போதும். அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் ஓனர் தலையாட்டுவார். ஆகவே நடுராத்திரியில் போன் வந்தாலும் எடுக்க வேண்டும்!

வாடகை ஒப்பந்தத்தை முடிந்தவரை குடியிருக்கப் போகிறவர் பெயரிலேயே போடுங்கள். மனநோய் வந்தவர் கையெழுத்து செல்லாது என்று புரோக்கர் அடித்துச் சொல்வார், நம்பாதீர்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே, மனநிலை தெளிவாக இருக்கும்போது ஒருவர் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. தமிழ்நாட்டில் 2019இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் சென்னையில் இதைச் சொல்லிப் பேரம் பேசலாம்.

குடிபோன முதல் மாதம் தினமும் யாராவது போய்வர வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து இரண்டு மணி நேரம் வரச் சொல்லலாம், ஆனால் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அவர் சமைத்துப் போட வரவில்லை, கூட நின்று சமைக்க வருகிறார். கேஸ் பற்றவைப்பதும் ஏடிஎம்மில் பணம் எடுப்பதும் பல வருடம் விட்டுப்போன பழக்கம், கை மறுபடி பழக நாளாகும். சாம்பார் தீய்ந்தால் தீயட்டும். பழகப் பழக வருகையைக் குறையுங்கள், தினமும் என்பது வாரம் மூன்று நாள், அப்புறம் ஒரு நாள்.

மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவர் என்றால் வெயில் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும், வியர்த்து உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், டாக்டர் சொன்ன ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்த்திதான். உதவித்தொகை வந்தால் அவர் கணக்குக்கே போகட்டும்.

மறுபடி உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்பதை நன்றாக இருக்கும்போதே அவரோடு பேசி ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் கெட்டாலே பலருக்கு அது முதல் அறிகுறி. எந்த டாக்டர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாரைக் கூப்பிட வேண்டும் எல்லாம் அதில் இருக்கட்டும். தனக்காகப் பேச ஒருவரை அவரே நியமித்து வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடலாம், அதற்கு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு இடம் தருகிறது. அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, சிநேகிதியைச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐயும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியாகச் சாவி. ஒன்று அவரிடம், அவசரத்துக்கு ஒன்று உங்களிடம். சும்மா பார்க்கப் போகும்போது அதை வெளியே எடுக்காதீர்கள், மணியை அடித்துவிட்டு நில்லுங்கள், அவர் வந்து திறக்கட்டும்.