கிரீச்சர் கார்டு தேறுமா தேறாதா, எப்படி பாக்குறது?
மேஜிக் த கேதரிங்ங்கற கார்டு கேம்ல ஒரு கிரீச்சர் கார்டு (சண்டை போட இறக்குற உயிரி) கைக்கு வந்ததும் பவரை (அடிக்கிற பலத்தை) மட்டும் பாத்து மயங்கிடாதீங்க, மானா (கார்டை இறக்க செலவாகுற சக்தி) எவ்ளோ கேக்குதுன்னு பாருங்க. 2 மானாவுக்கு வெறும் 2/2ங்கறது (பவர் 2, அடி தாங்குற டஃப்னஸ் 2) 1993ல வந்த கிரிஸ்லி பேர்ஸ் கார்டு காலத்து கணக்கு, இப்ப அதுக்கு மேல ஏதாச்சும் செஞ்சாதான் டெக்ல (நம்ம ஆடுற கார்டு கட்டுல) இடம்.

அடுத்து, இறக்கின உடனே எதிராளி கொன்னுட்டா நமக்கு என்ன மிஞ்சும்? இதான் மெயின். எல்விஷ் விஷனரிங்கற கார்டு வெறும் 1/1 தான், ஆனா இறங்கும்போதே ஒரு கார்டு எடுத்துக் குடுத்துடும், செத்தாலும் நஷ்டமில்ல, அதே 6 மானா கொட்டி இறக்கின பெரிய மிருகம் ஹேஸ்ட் (இறங்கின டர்ன்லயே அட்டாக் பண்ற திறன்) இல்லாம அட்டாக் பண்ண முடியாம ஒரு டர்ன் சும்மா நின்னு எதிராளியோட 2 மானா ஸ்பெல்லுல (மந்திர கார்டுல) போச்சுன்னா வயிறு எரியும். டஃப்னஸ் 4 இருந்தா 3 டேமேஜ் குடுக்குற லைட்னிங் போல்ட் ஸ்பெல் ஒண்ணுக்கு சாகாது. ஃப்ளையிங் (பறக்குற திறன்) இருந்தா சின்ன பவரும் ஓகே, தடுக்க ஆளு கம்மி.