போட்டோக்களை அடுக்கவும் திருத்தவும் எந்த மென்பொருள்?

அறுபத்துமூவர், நவராத்திரிக் கொலு, காசிமேட்டு மீன் சந்தை என்று படம் எடுத்துக் குவிப்பவர்கள் முதலில் தேடுவது எடிட்டிங் மென்பொருளைத்தான். என்னைக் கேட்டால், படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருளை முதலில் முடிவு செய்யுங்கள். எடிட்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வருஷக்கணக்காகப் போட்ட டேக்குகளை (படத்தில் யார், எங்கே, என்ன என்று நாம் ஒட்டும் குறிச்சொற்களை) இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு.

1. ஒரே ஒரு கேள்வி

நீங்கள் போடும் டேக், நட்சத்திரம், முகங்களின் பெயர் எல்லாம் எங்கே சேமிக்கப்படுகின்றன? படக் கோப்புக்குள்ளேயா, பக்கத்தில் இந்தக் குறிப்புகளை மட்டும் வைத்திருக்கும் ஓர் எக்ஸ்எம்பி கோப்பிலா, இல்லை மென்பொருளின் டேட்டாபேஸில் மட்டுமா? கடைசி வகை என்றால் வேண்டவே வேண்டாம். மென்பொருள் நின்றுபோனால் அந்த உழைப்பும் அதோடு மாட்டிக்கொள்ளும். படம் அடுக்கும் மென்பொருளான பிகாசாவை கூகுள் 2016இல் நிறுத்தியது ஞாபகம் இருக்கட்டும்.

அடோபியின் லைட்ரூம் கிளாசிக் நல்ல மென்பொருள்தான். ஆனால் எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் வசதியை நாம்தான் போய் டிக் செய்ய வேண்டும். சந்தா வேறு. கல்யாண ஆர்டர் எடுப்பவருக்குக் கட்டுப்படியாகும், வீட்டுக்குப் படம் எடுப்பவருக்கு அநாவசியம்.

2. டிஜிகாம்

படங்களை அடுக்க என் ஓட்டு இதற்குத்தான். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல்முறை திறக்கும்போது படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் கேட்கும், காட்டிவிடுங்கள்.

3. இங்கே நிதானம்

என்னை ரொம்ப இழுத்தடித்த இடம் இது. செட்டிங்ஸில் 'கான்ஃபிகர் டிஜிகாம்', அதில் 'மெட்டாடேட்டா' பக்கம். டேக், ரேட்டிங், முகம் ஆகியவற்றைக் கோப்பில் எழுதச் சொல்லும் கட்டங்களை டிக் செய்யுங்கள். பிறகு 'சைட்கார்ஸ்' (படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்எம்பி கோப்புகள்) பகுதிக்குப் போய், படிப்பது, எழுதுவது இரண்டையும் டிக் செய்யுங்கள். ஐஎம்ஜி_2041.சிஆர்2 என்ற ரா படத்துக்குப் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) பக்கத்தில் ஐஎம்ஜி_2041.சிஆர்2.எக்ஸ்எம்பி என்று ஒரு குட்டிக் கோப்பு வந்து உட்காரும். அதுதான் உங்கள் உழைப்பு. குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இதற்கு முன்பே டேக் போட்டிருந்தால் அவை தானாகக் கோப்புக்குப் போகாது. 'டூல்ஸ்' மெனுவில் 'மெயின்டனன்ஸ்' திறந்து, டேட்டாபேஸிலிருந்து படங்களுக்கு என்ற திசையைத் தேர்ந்தெடுத்து ஒத்திசையுங்கள். திசை தலைகீழானால் கதையும் தலைகீழாகிவிடும்.

படங்களை இடம் மாற்றுவதையும் டிஜிகாமுக்குள்ளேயே செய்யுங்கள். சைட்காரையும் அதுவே கூட்டிக்கொண்டு போகும்.

4. தேதி

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படங்களில் எடுத்த தேதி இருக்காது. ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரிலேயே தேதி இருப்பதால், டிஜிகாமின் 'அட்ஜஸ்ட் டைம்' கருவியில் அதைக் கோப்புப் பெயரிலிருந்து எடுக்கச் சொல்லலாம். அது படம் வந்த தேதிதான், எடுத்த தேதி அல்ல. ஒன்றுமில்லாததற்கு அது தேவலை. இனிமேல் சொந்தக்காரர்களிடம் 'டாக்குமென்டாக அனுப்புங்கள்' என்று சொல்லிவைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

5. எடிட்டர்

ஃபோன் படங்களுக்கு டிஜிகாமில் உள்ள எடிட்டரே போதும். ராவில் எடுப்பவர்களுக்கு டார்க்டேபிள் என்ற எடிட்டர். கொலுப்படி முழுக்க சீரியல் செட்டின் மஞ்சள் அப்பிக் கிடந்தாலும் ஒயிட் பேலன்ஸை இழுத்து பொம்மைகளின் நிறத்தை மீட்கலாம், மூலப் படம் அப்படியே இருக்கும். பழைய லேப்டாப் என்றால் கொஞ்சம் முக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: பழைய பிகாசாவில் போட்ட முகப் பெயர்களைக் காப்பாற்ற முடியுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தக் கணினி இன்னும் ஓடினால் முடியும். பிகாசா 3.9இல் 'டூல்ஸ்', 'எக்ஸ்பெரிமென்டல்' போனால் முகங்களை எக்ஸ்எம்பியில் எழுதும் வசதி இருக்கிறது. முதலில் எல்லாப் படங்களையும் வேறு டிஸ்கில் ஒரு நகல் எடுத்துவிட்டு (ரிச்சி தெருவில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்), அதை ஓடவிடுங்கள். அப்புறம் அந்த ஃபோல்டரை டிஜிகாமில் சேர்த்தால் பெயர்கள் வந்துவிடும்.