அப்கிரேடில் தொலைந்த கீழ்ப்புள்ளி

காத்தான்குடியில் எங்கள் வீட்டு அலுமாரியில் மூத்தாப்பா எழுதிய அறபுத்தமிழ்க் கொப்பி, அதாவது அறபு எழுத்தில் தமிழ் எழுதிய கொப்பி ஒன்று இருக்கிறது. இஷா தொழுகைக்குப் பிறகு தினமும் இரண்டு பக்கம் லெப்டொப்பில் அடித்து வைக்கிறேன். அதில் ணகரம் என்றால் நூன் என்ற அறபு எழுத்துக்குக் கீழே இன்னொரு புள்ளி. சாதாரண அறபுக் கீபோட்டில் அந்த எழுத்து கிடையாது, நானே ஒன்று செய்து வைத்திருந்தேன். லெப்டொப்பின் இயங்குதளமான உபுண்டு 22.04ஐ 24.04 ஆக்கிய அன்றிரவு 'கண்' என்று அடித்தால் வெறும் நூன். பக்கத்தில் இருந்த மூத்தம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "கீழ்ப்புள்ளியக் காணல்லயே மகன்" என்றா.

பிழை என்னுடையதுதான். யூஎஸ்ஆர், ஷேர், எக்ஸ்11, எக்ஸ்கேபி, சிம்பல்ஸ் என்று உள்ளே உள்ளே போய், அங்கிருந்த 'அரா' என்ற அறபுக் கீபோட் கோப்பிலேயே கைவைத்திருந்தேன். கீபோட் கோப்புகளைக் கொண்டுவரும் எக்ஸ்கேபி-டேட்டா பொதி புதிதாகும்போது அந்தக் கோப்பும் புதிதாகிவிடும். ஈடிசி அடைவில் உள்ள அமைப்புக் கோப்பு என்றால் 'நீ மாற்றியதை வைத்துக்கொள்ளவா' என்றாவது கேட்கும். யூஎஸ்ஆரில் அந்த மரியாதை கிடையாது. திரும்பவும் அங்கேயே எழுதினால் அடுத்த அப்கிரேடில் இதே கதை.

உங்கள் ஹோம் அடைவைத் திறந்து கண்ட்ரோல்-எச் அழுத்துங்கள், மறைந்திருக்கும் 'கான்ஃபிக்' தெரியும். அதற்குள் 'எக்ஸ்கேபி', அதற்குள் 'சிம்பல்ஸ்', 'ரூல்ஸ்' என்று இரண்டு ஃபோல்டர்கள் போடுங்கள். சிம்பல்ஸில் 'அர்வி' (அறபுத்தமிழின் இன்னொரு பெயர்) என்று ஒரு கோப்பு, பெயருக்குப் பின்னால் வால் எதுவும் வேண்டாம். முழுக் கீபோட்டையும் எழுதி மெனக்கெட வேண்டியதில்லை. முதல் வரியில் 'அரா'வின் பேசிக்கை இன்க்ளூட் செய்யுங்கள், அடுத்த வரியில், வலது ஆல்ட்டோடு அடித்தால் மூன்றாவது எழுத்து வரச்செய்யும் லெவல்3ஐ. பிறகு மாறுகிற விசைகள் மட்டும். ஆங்கிலக் 'கே' இருக்கும் விசைக்கு ஏசி08 என்று பெயர். அதற்குச் சும்மா அடித்தால் நூன், ஷிஃப்ட்டோடு அறபுக் காற்புள்ளி, வலது ஆல்ட்டோடு யூ06பி9 (எழுத்தின் யூனிகோட் எண்) என வரிசையாகக் கொடுங்கள். மூன்றாவதுதான் நமது ணகரம். இரண்டு விசை தள்ளி ஏசி10இல் காஃப். கீழ்ப்புள்ளிக் காஃபுக்கு யூ08பி4. அறபுத்தமிழுக்கென்றே 2015இல் யூனிகோட் 8.0இல் சேர்த்த எழுத்து அது.

ரூல்ஸில் 'ஈவ்டெவ்' எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில் கீபோட்டின் பெயரையும் விளக்கத்தையும் எழுதினால் செட்டிங்ஸ் பட்டியலில் வரும். லொக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். வரும்போது லொகின் திரையின் மூலையில் உள்ள பற்சக்கரத்தைப் பாருங்கள்: வெறும் 'உபுண்டு' என்பதுதான் வேலண்ட், திரையையும் கீபோட்டையும் கையாளும் புதிய முறை. பழைய முறையான 'எக்ஸ்ஓர்க்' என்றிருந்தால் ஹோமில் வைத்த கோப்பை அது திரும்பியும் பார்க்காது. நான் அரை மணித்தியாலம் மண்டையை உடைத்தது இங்கேதான்.

'அர்வி' கோப்பில் ஒரு அரைப்புள்ளி விடுபட்டாலும் கீபோட் முழுதாகச் செத்துவிடும். எனவே பட்டியலில் ஆங்கிலம் முதலாவதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் அடிக்கவும் வழியிருக்காது. லிப்எக்ஸ்கேபிகொமன்-டூல்ஸ் பொதியைப் போட்டால் எக்ஸ்கேபி-சிஎல்ஐ என்ற கட்டளை கிடைக்கும். அதன் கம்பைல்-கீமேப்புக்கு 'அர்வி' என்று லேஅவுட் பெயரைக் கொடுத்தால் எந்த வரியில் பிழை என்று சொல்லிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் எழுத்துக்குப் பதில் பெட்டி வந்தால் கீபோட்டைத் திட்டாதீர்கள், ஃபொண்டை மாற்றுங்கள். நான் ஷெஹராஸாட் நியூ போட்டு, அளவையும் 28 ஆக்கினேன். மூத்தம்மாவுக்குப் புள்ளி தெரிய வேண்டுமே.