நாலு என்ற எண்ணை நம்பாதீர்கள்

போன வாரம் ஓ.எம்.ஆர். அடுக்ககம் ஒன்றின் எஸ்.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் சாம்பிள் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தப்புகளை அப்படியே செய்தான். கையுறை, லேபிள் சமாசாரமெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை யாரும் மறப்பதில்லை.

குளோரின் பார்க்காமல் பி.ஓ.டி. எடுப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. வேளச்சேரி பக்கம் ஒரு குடியிருப்பு. கடைசித் தொட்டிக் குழாயில் பாட்டிலைப் பிடித்தேன். லிட்டருக்கு பி.ஓ.டி. (அழுக்கைத் தின்னப் பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன்) 4 மில்லிகிராம், சி.ஓ.டி. (அழுக்கை ரசாயனத்தால் எரிக்க வேண்டிய ஆக்சிஜன்) 190. இரண்டும் குறைவாக இருந்தால்தான் நீர் சுத்தம். நாலைப் பார்த்ததும் உச்சி குளிர்ந்து, 'பிளான்ட் நன்றாக ஓடுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் இருந்த 190 கண்ணில் படவில்லை.

நாங்கள் வருவது தெரிந்து ஆபரேட்டர் காலையிலேயே ஹைப்போவை, அதாவது குளோரின் கிருமிநாசினியை, தாராளமாக ஊற்றியிருந்தார். பி.ஓ.டி. என்பது 27 டிகிரியில் 3 நாளில் பாக்டீரியா எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கிறது என்ற கணக்கு. தின்பவனையே குளோரின் கொன்றுவிட்டால் ஆக்சிஜன் பாட்டிலில் அப்படியே நிற்கும், கழிவுநீர் சுத்தமாகத் தெரியும். சி.ஓ.டி. ரசாயனம் செய்கிற வேலை, அதற்குப் பாக்டீரியா வேண்டாம். அதனால்தான் அது மாறவில்லை.

இரண்டு மாதத்தில் தோட்டமெல்லாம் நாற்றம். தொட்டிக்குக் காற்று ஊதும் பிளோயர் ஒன்று ஓடாமலே கிடந்திருக்கிறது. சங்கச் செயலாளர் என் ரிப்போர்ட்டை நீட்டி, "நாலுன்னு போட்டிருக்கீங்க சார், இந்த நாத்தம் எத்தனை?" என்றார். மறு சாம்பிள் செலவு முழுக்க எங்கள் தலையில்.

ஆர்த்தோ டாலிடின் சில சொட்டு விடுங்கள். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது. முடிந்தால் குளோரின் சேரும் இடத்துக்கு முன்னால் ஒரு பாட்டில் எடுங்கள். இல்லையென்றால் 'குளோரின் உண்டு' என்று எழுதி அனுப்புங்கள். லேபில் சோடியம் சல்ஃபைட்டால் முறித்து, சீடு (புது பாக்டீரியா) சேர்ப்பார்கள். சல்ஃபைட்டும் அளவோடுதான், மீந்தால் அதுவே ஆக்சிஜனைத் தின்னும்.

ஓதம் பார்க்காமல் ஆற்றில் இறங்குவது

அடையாறு முகத்துவாரத்தில் கடல் ஓதம் ஏறும்போது எடுத்தால் பாட்டிலில் கடல்தான் நிறைய இருக்கும். கடல் உப்பிலுள்ள குளோரைடு சி.ஓ.டி.யை ஏற்றிக் காட்டும். லேபில் சேர்க்கும் மெர்குரிக் சல்ஃபேட் அதை ஓரளவுதான் அடக்கும்.

ஐஸ்

மே மாதம், ஐஸ் இல்லாமல் பைக் டிக்கியில் சாம்பிள். வேண்டாம்.

ஆபரேட்டரோடு டீ குடிக்காமல் கிளம்புவது

எந்த பிளோயர் எத்தனை நாளாக ஓடவில்லை என்பது லாக் புக்கில் இருக்காது. அவருக்குத் தெரியும். மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள்.