எரிபொருளுக்கு நேப்பியரும் சவுக்கும்: கணக்கு எங்கே இடறுகிறது?

சூப்பர் நேப்பியர் என்ற தீவனப் புல்லின் கரணை விற்பவர்கள் ஏக்கருக்கு ஆண்டுக்கு 200 டன் என்று அடித்துச் சொல்வார்கள். அதை அப்படியே ஒப்புக்கொண்டாலும் அது பச்சைப் புல்லின் எடை. 45 நாளில் அறுக்கும் இளம்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். ஒரு டன் அறுத்தால் எரியக்கூடியது 200 கிலோ தேறும். பாய்லருக்கு விற்க நினைப்பவர் பச்சை எடையை வைத்து வரவு எழுதுவதுதான் முதல் தவறு. பாதித் தவறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

விறகிலும் இதே கதைதான். வெட்டிய அன்று மரத்தில் ஏறக்குறைய பாதி ஈரம். ஒரு கிலோ வாங்கினால் மரம் அரைக் கிலோ. அந்த அரைக் கிலோ தரும் சூட்டிலும் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500 கிலோகலோரிக்கு மேல் தரும். பச்சை மரம் 2,000 பக்கத்திலேயே நின்றுவிடும். காகித ஆலைக்குச் சவுக்கு விற்றுப் பழகியவர்கள் வெட்டிய கையோடு லாரி ஏற்றப் பார்ப்பார்கள், எடை குறையக்கூடாதே என்று. விறகை எரிக்கும் மின் ஆலைக்கு அந்தப் பழக்கம் ஆகாது. ஈரத்துக்கு எவ்வளவு பிடித்தம் செய்வார்கள் என்பதை நடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆலை எவ்வளவு தூரம் என்பதையும் அப்போதே பாருங்கள். அறுத்த புல்லை ஏற்றினால் எடை ஏறுவதற்கு முன்பே வண்டி நிரம்பிவிடும்; வாடகை மட்டும் குறையாது.

அடுத்தது, புல் எதற்கு என்று முடிவு செய்யாமலே நடுவது. சாண எரிவாயுக் கலன் போல, புல்லைப் புளிக்க வைத்து வாயு எடுக்கும் கலனுக்கு என்றால் இளம்புல் நல்லது; அங்கே தண்ணீர் தொந்தரவே இல்லை. எரிக்க என்றால் முற்ற விட்டு, காய வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இளம்புல்லில் பொட்டாசியம் அதிகம். அதன் சாம்பல் சூட்டில் உருகிக் கட்டியாகி பாய்லருக்குள் ஒட்டிக்கொள்ளும், கிளிங்கர் என்பார்கள். ஒருமுறை அதை உடைத்து எடுத்த ஆலைக்காரர் உங்கள் புல்லை மறுபடி கேட்க மாட்டார்.

எரிபொருள் பயிர் தரிசில் தானாக வரும் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். 2000-களில் டீசலுக்கென்று காட்டாமணக்கை இப்படித்தான் ஊர் ஊராக நட வைத்தார்கள். செடி பிழைத்தது, தண்ணீரும் உரமும் இல்லாமல் காய் பிடிக்கவில்லை. நேப்பியர் அதைவிடப் பசிக்காரப் பயிர். ஒவ்வொரு அறுப்பிலும் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் நிலத்தை விட்டுப் போகின்றன. எரிவாயுக் கலனின் கழிவுக் குழம்பு வயலுக்குத் திரும்பி வருமானால் பெரும்பகுதி சரியாகும். வராது என்றால் உரச் செலவைக் கணக்கில் ஏற்றத்தான் வேண்டும்.

சவுக்கில் பலர் விலை மலிவான கன்றைத் தேடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு கன்றைப் பையிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். பவழம்போலக் கொத்தாகப் பழுப்பு முடிச்சுகள் இருந்தால் ஃபிராங்கியா நுண்ணுயிர் குடியேறிவிட்டது. காற்றிலுள்ள தழைச்சத்தை மரத்துக்குப் பிடித்துக் கொடுப்பது அதுதான். முடிச்சு இல்லாத கன்று ஏழை மண்ணில் வெளிறி நிற்கும்.

வெட்டியபின் எல்லா மரமும் துளிர்க்கும் என்பதும் தப்பு. நாட்டுச் சவுக்கு வெட்டினால் சரியாகத் துளிர்க்காது, மறுநடவுதான். தைலமரம் துளிர்க்கும், ஆனால் வெட்டும் விதம் முக்கியம். மொட்டை அரிவாளால் கொத்தினால் அடிக்கட்டை பிளந்து, பட்டை உரிந்து, அதன் அடியிலுள்ள மொட்டுகள் செத்துவிடும். தரையிலிருந்து நாலைந்து அங்குலம் விட்டு, மழைநீர் வழிந்தோடும்படி ரம்பத்தால் லேசாகச் சாய்த்து அறுக்க வேண்டும். அப்புறம் வரும் தளிர்களில் கட்டைக்கு ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். அத்தனையையும் விட்டால் விளக்குமாறுதான் கிடைக்கும்.

சூபாபுல் (சவுண்டல்) மரம் வைப்பவர்களுக்கு ஒன்று. ஓடைக்கரையிலோ கண்மாய்க்கு மேலேயோ வைக்காதீர்கள். அது சீக்கிரமே காய்க்கும். நெற்று வெடித்து விதை தண்ணீரோடு போனால் அடுத்தவர் நிலத்தில் பிடுங்கி மாளாது. காய் முற்றுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள், அல்லது வேறு மரம் பாருங்கள்.