மலிவு ஜிஎன்எஸ்எஸ் ரிசீவரில் வளிமண்டலப் பிழையைத் திருத்துவது எப்படி?

ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும் ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் இடங்காட்டி) ரிசீவர் பிற்பகலில் ஓர் உயரத்தையும் நள்ளிரவில் வேறோர் உயரத்தையும் காட்டுகிறதா? பெரும்பாலும் அதற்குக் காரணம், சூரியக் கதிர்களால் எலெக்ட்ரான்கள் பிரிந்து கிடக்கும் மேல் வளிமண்டல அடுக்கான அயனி மண்டலம்தான். அங்குள்ள எலெக்ட்ரான்கள் சிக்னலைத் தாமதப்படுத்துகின்றன. 1 டெக் யூனிட் (சிக்னலின் பாதையில் உள்ள மொத்த எலெக்ட்ரான்களை அளக்கும் அலகு) எல்1 அலைவரிசையில் (1575.42 மெகாஹெர்ட்ஸ்) சுமார் 16 செ.மீ. பிழை தரும். அந்த மொத்தம் 50 யூனிட்டுக்கு ஏறினால் நேர் உச்சியில் உள்ள செயற்கைக்கோளுக்கே 8 மீட்டர். தாழ்வாக இருப்பவற்றுக்கு அதைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு வரை. அடிவளிமண்டலத்தின் பங்கு தனி. கடல் மட்டத்தில் உலர்ந்த காற்றால் 2.3 மீட்டர், ஈரப்பதத்தால் 40 செ.மீ. வரை, இரண்டும் உச்சித் திசையில்.

இந்தப் பிழைகள் கிடைமட்டத்தில் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உயரத்தில் அப்படி நடக்காது. திருத்தாவிட்டால் உயரம் உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். அதனால் திருத்தம் வேலை செய்கிறதா என்பதை உயரத்தை வைத்தே சோதியுங்கள்.

படி 1: ரா டேட்டா (கணக்கிடாத மூல அளவீடுகள்) தரும் ரிசீவர்

யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் நியோ-6எம், நியோ-எம்8என் வகைகள் கணக்கிட்டு முடித்த இடத்தைத்தான் தருகின்றன; அவற்றில் நாம் திருத்துவதற்கு அதிகம் இல்லை. ஒற்றை அதிர்வெண் (எல்1) போதுமென்றால் நியோ-எம்8டி, இரட்டை (எல்1, எல்2) வேண்டுமென்றால் இசட்இடி-எஃப்9பி. ஆன்டெனாவுக்கு அடியில் குறைந்தது 10 செ.மீ. அகலமுள்ள உலோகத் தட்டு வையுங்கள். சுவரிலும் தரையிலும் பட்டு எதிரொலித்து வரும் சிக்னலை எந்த வளிமண்டல மாதிரியும் சரிசெய்யாது.

படி 2: பதிவு

ரிசீவரை அமைக்கும் மென்பொருளான யூ-சென்டரில் ராவ்எக்ஸ் (மூல அளவீடுகள்), எஸ்எஃப்ஆர்பிஎக்ஸ் (செயற்கைக்கோள் அனுப்பும் தகவல்கள்) ஆகிய இரண்டு செய்திகளையும் இயக்குங்கள், கணக்கிட்ட இடத்தைத் தரும் என்எம்இஏ செய்திகளை நிறுத்துங்கள், தரவு போகும் பாட் வேகத்தை 115200 ஆக்கிச் சேமியுங்கள். 9600-இல் விட்டுவிடக் கூடாது. 30 சிக்னல்கள் உள்ள ஒரு ராவ்எக்ஸ் செய்தி 984 பைட். 9600 பாட் வழியாக நொடிக்கு 960 பைட்தான் போகும். விளைவு, பதிவில் ஆங்காங்கே ஓட்டை.

எஸ்எஃப்ஆர்பிஎக்ஸ் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அயனி மண்டலத் தாமதத்தைக் கணக்கிடும் மாதிரிக்கான 8 குணகங்கள் அதில்தான் வருகின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அவற்றை 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஒலிபரப்புகின்றன. பத்து நிமிடப் பதிவில் அவை சிக்காமலே போகலாம். அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். பகல்-இரவு வேறுபாட்டைப் பார்க்க 24 மணி நேரம்.

படி 3: மாற்றம், ஒரு முக்கியச் சரிபார்ப்பு

ஆர்டிகேலிப் என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் உள்ள ஆர்டிகேகான்வ் கொண்டு கோப்பை ரைனெக்ஸ் 3 என்ற பொது வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு நேவிகேஷன் கோப்பை நோட்பேடில் திறந்து, தலைப்பகுதியில் ஜிபிஎஸ்ஏ, ஜிபிஎஸ்பி என்று தொடங்கும் இரண்டு வரிகள் உள்ளனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு எண்கள் இருக்க வேண்டும். இந்தப் படியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். குணகங்கள் இல்லையென்றால் ஆர்டிகேலிப் எச்சரிக்காது. தன்னுள் வைத்திருக்கும் 2004 ஜனவரி 1-ஆம் தேதிக் குணகங்களைப் போட்டுக் கணக்கிட்டுவிடும். விடை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இன்றைய சூரியனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

படி 4: திருத்தம்

அதே தொகுப்பின் ஆர்டிகேபோஸ்ட்டில் 'சிங்கிள்' (ஒரே ரிசீவர்) முறை, எலிவேஷன் மாஸ்க் (இதற்குக் கீழே தாழ்ந்த செயற்கைக்கோள்களை ஒதுக்கும் கோணம்) 15°. ஒரே கோப்பை மூன்று முறை ஓட்டுங்கள்:

1. இரண்டு திருத்தங்களும் ஆஃப்
2. ஐயனோஸ்பியர் (அயனி மண்டலம்): பிராட்காஸ்ட்
3. அத்துடன் ட்ரோபோஸ்பியர் (அடிவளிமண்டலம்): சாஸ்டமோய்னன் மாதிரி

மூன்றாவதில் சராசரி உயரம் 5 மீட்டருக்குக் குறையாமல் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அமைப்பில் எதையோ விட்டிருக்கிறீர்கள். ஆர்டிகேபோஸ்ட் தருவது நீள்வட்ட உயரம், அதாவது பூமியைக் குறிக்கும் கணித உருவத்திலிருந்து அளந்த உயரம். கடல் மட்ட உயரத்தோடு அதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

பிராட்காஸ்ட் என்பது, செயற்கைக்கோள் அனுப்பும் அந்த 8 குணகங்களைக் கொண்டு கணக்கிடும் குளோபுச்சர் மாதிரி. இரவு முழுவதும் 5 நானோநொடி, அதாவது 1.5 மீட்டர், என்று வைத்துக்கொண்டு பகலில் உள்ளூர் நேரம் 2 மணிக்கு உச்சம் தொடும் வளைவைச் சேர்க்கிறது. நீக்குவது ஏறக்குறைய பாதிப் பிழையைத்தான். சாஸ்டமோய்னனும் ஆர்டிகேலிப்பில் 15° வெப்பம், 70% ஈரப்பதம் என்ற அனுமானத்தில் ஓடுகிறது. வெக்கையும் புழுக்கமும் மிகுந்த இடங்களில் உச்சித் திசையில் 20 செ.மீ. வரை மீதம் நிற்கும். மீட்டர் அளவுத் துல்லியத்துக்கு அது பொருட்டல்ல.

படி 5: இன்னும் நெருங்க

மறுநாள் வரை காத்திருக்க முடிந்தால், சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் சேவையான ஐஜிஎஸ் வெளியிடும் ஐயனெக்ஸ் வரைபடத்தை (அளந்து தயாரித்த எலெக்ட்ரான் அளவு) பயன்படுத்துங்கள். ஒற்றை அதிர்வெண் ரிசீவருக்கு இதுதான் என் முதல் பரிந்துரை. பழைய ஆர்டிகேலிப் பதிப்புகள் கோப்பின் நீட்டிப்பு ஆங்கில 'ஐ' (i) எழுத்தில் முடிந்தால்தான் படிக்கும். புதிய கோப்புகள் ஐஎன்எக்ஸ் (INX) என்று முடிவதால் பெயரை மாற்றிக் கொடுங்கள்.

இரட்டை அதிர்வெண் இருந்தால், இரண்டு அளவீடுகளையும் சேர்த்துக் கணக்கிடும் 'ஐயனோ-ஃப்ரீ' கூட்டு அயனிப் பிழையைக் கிட்டத்தட்ட முழுவதும் நீக்கும். விலை உண்டு: எல்1, எல்2 கூட்டில் இரைச்சல் மூன்று மடங்காகும். சிறிய பேட்ச் ஆன்டெனாவோடு அமைதியான இரவில் அளந்தால், இதைவிடக் குளோபுச்சரே நிலையான விடை தரக்கூடும். இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

உடனடி விடை வேண்டுமென்றால், 10 கி.மீ.க்குள் பேஸ் எனும் இடம் தெரிந்த இரண்டாவது ரிசீவரை வைத்து, அதன் அளவீடுகளைக் கொண்டு உங்கள் ரிசீவரை (ரோவர்) உடனுக்குடன் திருத்தும் ஆர்டிகே முறைக்குப் போங்கள். இரண்டு ரிசீவர்களும் ஏறக்குறைய ஒரே வானத்தைப் பார்ப்பதால் பிழை கழிந்துவிடும். பேஸ் மலையடிவாரத்திலும் ரோவர் உச்சியிலும் இருந்தால் மட்டும் அடிவளிமண்டலப் பிழை கழியாது. அப்போது சாஸ்டமோய்னன் இயக்கத்தில் இருக்கட்டும்.

காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்தபின் சில மணி நேரம் சிக்னல் துடித்து அறுபடும். அதற்கு இந்த மாதிரிகள் எதுவும் உதவாது. முக்கியமான அளவீட்டைக் காலைக்கு மாற்றிவிடுங்கள்.